ஹாமெட்டின் மூன்று மௌனங்கள்



கவிஞர்கள் நிறைந்த இந்தப் பத்தாம் ஆண்டு விழா அவையில், அமெரிக்கத் துப்பறியும் புதின ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் பேச எழுந்துள்ளேன். அத்தகைய கதைகளை வெறும் பொழுதுபோக்கென்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்தவள் நான். அவ்வெண்ணத்தை மாற்றியவர் டேஷியல் ஹாமெட்.

1894இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்த இவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1915இல் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தில் பணியேற்றார். முதல் உலகப் போரின்போது படையில் சேர்ந்து, காசநோய்க்கு ஆளானார். உடல் தளர்ந்து துப்பறியும் தொழிலைக் கைவிட்டவர், 1922 முதல் 'பிளாக் மாஸ்க்' போன்ற மலிவு இதழ்களுக்குக் கதைகள் எழுதினார். 1929க்கும் 1934க்கும் இடையே ஐந்து புதினங்கள் வெளிவந்தன, அவ்வளவே.

அவருடைய முதல் மௌனம் அவரது நடையில் உள்ளது. 'தி மால்டீஸ் பால்கன்' (1930) புதினத்தில், தன் கூட்டாளி கொலையுண்ட செய்தியைத் துப்பறிவாளன் சாம் ஸ்பேடு நள்ளிரவில் தொலைபேசி வாயிலாக அறிகிறான். அவன் துயருற்றானா? ஆசிரியர் கூறவில்லை. அவன் விரல்கள் தாளில் புகையிலையைப் பரப்பிச் சுருட்டுவதை மட்டும் நிதானமாகக் காட்டுகிறார். நூல் முழுவதும் அவன் நெஞ்சத்துள் நாம் நுழைய இயலாது. கூறாமல் உணர்த்தும் இக்கலையைக் கவிஞர்களாகிய உங்களுக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாம் மௌனம் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. குடியுரிமைப் பேரவை ஒன்றின் பிணைநிதிக்கு அவர் பொறுப்பாளராக இருந்தார். பிணையில் வெளிவந்த பொதுவுடைமைக் கட்சித் தலைவர்கள் நால்வர் 1951இல் தலைமறைவாயினர். நிதியளித்தோர் பெயர்களைக் கூறுமாறு நீதிமன்றம் கேட்டது. ஹாமெட் வாய் திறக்கவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவருக்கு வயது 57, நோயுற்ற உடல்.

மூன்றாவது, 'தி தின் மேன்' வெளிவந்த 1934 முதல் அவர் மறைந்த 1961 வரை நீண்ட இருபத்தேழு ஆண்டு மௌனம். அதன்பின் வேறு புதினம் வெளிவரவே இல்லை.

இம்மூன்றையும் ஒரே மாலையாகத் தொடுத்துத் துறவெனப் போற்ற மனம் விழையும். நான் உடன்படவில்லை. முதலாவது கலை; இரண்டாவது அறம்; மூன்றாவது இழப்பு. அவர் எழுத விரும்பினார், முயன்றார். 'டூலிப்' என்ற புதினம் முற்றுப்பெறாமலே நின்றது. குடியும் நோயும் அவரை அரித்தன. இயலாமைக்கு அவரே சூட்டாத மணிமுடியை நாம் சூட்டுவது நேர்மையன்று.

இதனை வலியுறுத்தக் காரணம் உண்டு. முனைவர் பட்டம் பெற்றபின் நான் கவிதை எழுதவில்லை. கேட்பவர்களிடம் "சொற்சிக்கனம்" என்று சிரித்தபடி விடையிறுத்து வந்தேன். ஹாமெட்டைப் பயின்றபின் அவ்விடை என் நாவில் எழவில்லை. எழுத முயன்றேன், இயலவில்லை என்பதே உண்மை. அவ்வுண்மையை உங்கள்முன் ஒப்புக்கொண்டு, மீண்டும் முயல்வேன் என்று கூறி அமைகிறேன்.