பத்தனை அழிந்த காடு அன்று



உலகின் நில, நீர்ப் பல்லுயிர்த் தொகுதிகளைப் பற்றிய ஆய்வரங்கு லுணுகலையில் கூடுவதும், அதற்கு நான் தலைமை தாங்குவதும் பெரும் பேறு. இத்துறையில் என்னிலும் ஆழ உழைத்தவர்கள் முன்வரிசையில் இருக்கப் பேசுவது அச்சமாகவும் இருக்கிறது. தூந்திரம் முதல் மழைக்காடு வரையும், நன்னீர் ஓடை முதல் ஆழ்கடல் வரையும் ஒவ்வொன்றின் இயல்பையும் உங்களுக்கு ஒப்புவிக்கத் தேவையில்லை. நீங்கள் அவற்றைக் கற்பிப்பவர்கள். கட்டுரையாளர்களும் அவற்றை விரித்துரைப்பார்கள். இந்த மலைகளைப் பற்றி நெடுநாளாக என் மனத்தில் இருக்கும் ஒரு வழக்கை மட்டும் அவைமுன் வைக்கிறேன்.

நாம் அனைவரும் கரும்பலகையில் வரையும் படம் ஒன்று உண்டு. ரொபர்ட் விட்டேக்கரின் 1975ஆம் ஆண்டு நூலில் உள்ள அப்படம், வெப்பத்தை ஓர் அச்சிலும் மழையை மற்றோர் அச்சிலும் வைத்து உலகத் தாவரங்களை வகுக்கிறது. பதுளையின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 23 பாகை செல்சியஸ்; ஆண்டு மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீற்றர். காடு நிற்க இது தாராளமாகப் போதும். அப்படியிருக்க, லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்கும் சரிவுகளில் மானாப்புல் ஏன் நிற்கிறது? 'காடு அழிந்து புல்லானது' என்பது நம் பாடநூல்கள் தரும் ஆயத்த விடை.

விட்டேக்கர் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய மூலப்படத்தில் புள்ளியும் கோடுமாக ஓர் எல்லை வளைந்து செல்கிறது. அதற்குள் புல்வெளியும் வரலாம், மரக்கூட்டமும் வரலாம் என்பது அவர் தந்த விளக்கம். மழையும் வெப்பமும் மட்டுமே அங்கே முடிவு செய்வதில்லை. மண்ணுக்கும் தீக்கும் அதில் பங்கு உண்டு. மீண்டும் மீண்டும் மறுவரைந்த பாடநூல்கள் பலவற்றில் அந்தக் கோடு விடுபட்டுப் போயிற்று. கோட்டோடு சேர்த்து, பத்தனை எனப்படும் நம் மலைப் புல்வெளிகளும் விடுபட்டுப் போயின. 2001இல் உலக வனவிலங்கு நிதியம் வெளியிட்ட வரைபடம் நிலத்தை 14 தொகுதிகளாகவும் 867 சூழல் வலயங்களாகவும் பிரிக்கிறது. இலங்கைக்கு அதில் தாழ்நில மழைக்காடு, மலை மழைக்காடு, உலர்வலய என்றும்பசுங்காடு, வடக்கே முட்புதர் ஆகியன உண்டு. ஊவாவின் புல்வெளிக்கு ஓரிடமும் இல்லை.

பத்தனை பற்றிய விவாதத்தில் முதலில் நினைவுகூர வேண்டியவர் ஹென்றி பியர்சன். பிற்காலத்தில் தென்னாபிரிக்காவில் கேர்ஸ்டன்பொஷ் தாவரவியற் பூங்காவை 1913இல் நிறுவிய அதே பியர்சன்தான். இலங்கைப் பத்தனைகளைப் பற்றி 1899இல் அவர் எழுதிய கட்டுரை, தீயை முதன்மைக் காரணமாக நிறுத்தியது. அவருடைய உழைப்பை வணங்குகிறேன். தீயைப் பற்றி அவர் சொன்னதையும் ஏற்கிறேன். தீயால் நிலைக்கும் நிலம் எல்லாம் சீரழிந்த நிலம் என்று அவருக்குப் பின் வந்தோர் கொண்ட முடிவைத்தான் மறுக்கிறேன். ஆபிரிக்கச் சவன்னாவும் தீயால் நிலைப்பதுதான். அதை அழிந்த காடு என்று எவரும் வகுப்பில் கற்பிப்பதில்லை.

பியர்சனை நாம் திரும்பத் திரும்பப் படித்தோம். அவருக்கு முன்னே வந்த ஒரு நூலைப் பறவை ஆர்வலர்களிடம் விட்டுவிட்டோம். வின்சென்ட் லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகளின் வரலாறே அது. வண்ணக் கவுதாரி நம் தீவில் ஊவாவின் புல்மலைகளை ஒட்டியே வாழ்கிறது. இந்தியாவில் வாழும் வண்ணக் கவுதாரியிலிருந்து வேறான துணையினமாக இதைப் பிரித்துப் பெயரிட்டவர் லெக். காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டம் போட்ட சில பத்தாண்டுகளில் ஒரு துணையினம் உருவாகிவிடுமா? அது வாழப் புல்வெளி அதற்கும் வெகு முன்பே இங்கே இருந்திருக்க வேண்டும். தாவரவியல் நண்பர்கள் இந்தச் சாட்சியை விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்கிறேன்.

மரங்களும் அதையே சொல்கின்றன. புல்லின் நடுவே நிற்கும் நெல்லி, கடுக்காய், தான்றி, கஹட்ட ஆகியவை தீயைத் தாங்கும் மரங்கள். மேலே கருகினாலும் பின்பு துளிர்ப்பவை. இதே கூட்டணி இந்தியாவின் சவன்னாக்களிலும் பர்மாவிலும் உண்டு. நீலகிரிக் கரிமண்ணின் காபன் ஓரிடத்தான்களை ஆராய்ந்து சுகுமாரும் துணைவர்களும் 1993இல் வெளியிட்ட முடிவு, அங்கே புல் பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று காட்டியது. ஹோர்ட்டன் சமவெளியில் பிரேமதிலக்கவும் ரிஸ்பேர்க்கும் 24,000 ஆண்டுத் தாவர வரலாற்றை மகரந்தத்திலிருந்து படித்துக் காட்டினார்கள்.

இது வகைப்படுத்தலில் எழுந்த சிறு பிணக்கு என்று சிலர் கருதலாம். ஆனால் வகைப்படுத்தல் மரநடுகைவரை போகிறது. ஆய்வாளர் டி ரொசைரோ 1940களில் மலைப் புல்வெளிகளைப் பற்றி எழுதிய ஆய்வின் தலைப்பிலேயே காடு வளர்ப்பு இடம்பெற்றது. 1970களிலிருந்து நம் மலைகளில் பைனஸ் எழுந்தது. சிங்கராஜ மழைக்காட்டின் ஓரத்தில் பைனஸ் நிழலில் காட்டு மரங்களை வளர்த்த குணதிலக்க தம்பதியரின் வெற்றியை மாற்றுத் தரப்பார் எடுத்துக்காட்டுவர். அது மழைக்காட்டு மண். அங்கே காடு திரும்புவது இயல்பு. அந்த வெற்றியைப் பத்தனைக்கு அப்படியே கொண்டுவருவதற்கு ஆதாரம் வேண்டும்.

இங்கே இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில், புதுக்கன்று நடுமுன் 18 மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கோத்தமாலாப் புல்லோ மானாவோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் பரிந்துரை. மானா வெட்டி இளந்தேயிலையின் அடியில் பரப்பிய கைகள் இந்த அவையிலேயே இருக்கின்றன. தோட்ட எல்லைக்குள் மண்ணைத் தேற்றும் புல், எல்லையைத் தாண்டியதும் சீரழிவின் அடையாளமாகிவிடுமா?

நீரைப் பார்ப்போம். சிலாபத்துக்கு அருகே ஆனைவிழுந்தான் குளங்கள் மனிதர் கட்டியவை. 2001இல் அவை ராம்சார் ஈரநிலமாயின. அது சரியான முடிவு. மனிதக் கை பட்ட நீரை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று காக்கும் நாம், மனிதத் தீ பட்ட புல்லை மட்டும் பாழ் என்கிறோம். கிழக்குக் கரையின் வயல்களுக்குப் பாயும் கல்ஓயா இந்த மலைகளில்தான் பிறக்கிறது; மேட்டில் நாம் நடும் மரம் அங்கே வரும் நீரையும் தொடும்.

ஊவாவின் புல் எல்லாம் பழமையானது என்று நான் சொல்லவில்லை. கைவிட்ட தேயிலை மலையில் ஏறிய மானா நேற்று வந்தது. சேனைப் பயிர்ச்செய்கையைக் கைவிட்ட இடமும் அப்படியே. எனவே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். நீலகிரியில் செய்தது போல, ஊவாவின் பத்தனை மண்ணின் காபனைச் சோதியுங்கள். தோட்டங்களின் மழைப் பதிவேடுகளையும் பழைய மலை வரைபடங்களையும் செல்லரிக்குமுன் சேகரியுங்கள். எந்தச் சரிவில் எந்த மாதம் தீ ஏறும் என்று அறிந்த முதியவர்களின் சொல்லைப் பதிவு செய்யுங்கள். விடுபட்ட அந்தக் கோட்டை நம் தமிழ்ப் பாடநூலில் மீண்டும் வரையுங்கள்.

இந்தச் சோதனைகள் முடியும்வரை, வெற்றுநிலம் என்று பெயரிட்டு எந்தப் பத்தனையிலும் ஒரு மரக்கன்றும் நடக்கூடாது என்று இந்த ஆய்வரங்கு தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைத் தலைமையிலிருந்து நானே முன்மொழிகிறேன்.