முகவரி இல்லாதவர்களும் தேர்தலில் நின்றார்கள்

(தோட்டக் கமிட்டி இளைஞர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடந்த பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க வேண்டும், சாமான் வாங்க டவுனுக்குப் போக வேண்டும். அதையெல்லாம் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் பூர்வகுடி மக்கள் தேர்தலில் நிற்க எப்படிப் பழகினார்கள் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். செவ்விந்தியர் என்று படித்திருப்போம். அவர்கள் தங்களை நவஹோ, ஒஜிப்வே, பியூப்லோ என்று தங்கள் இனப் பெயராலேயே சொல்லிக்கொள்வார்கள். நமக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசைத் தம்பி யோசிப்பது முகத்திலேயே தெரிகிறது. சரியான கேள்விதான். நாம் இந்த நாட்டின் பூர்வகுடிகள் அல்ல. அந்தப் பெயர் வேடுவ மக்களுக்கு உரியது. நாம் கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். அவர்களோ சொந்த மண்ணிலேயே ஓரங்கட்டப்பட்டவர்கள். கதை வேறுதான். ஆனால் இரண்டு கதையிலும் ஒரு வருடம் வருகிறது: 1948.

1948 நமக்கு என்ன என்று சொல்லத் தேவையில்லை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றம் அனுப்பினார்கள். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த வருடம் வாக்கும் போனது.

அமெரிக்காவில் பூர்வகுடிகளுக்கு 1924இலேயே பிரஜாவுரிமை கொடுத்துவிட்டார்கள். ஆனால் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்கள் வாக்கை மட்டும் கொடுக்கவில்லை. நியூ மெக்சிகோவில் மிகுவெல் ட்ருஹியோ என்று ஒருவர் இருந்தார். பியூப்லோ இனத்தவர், இரண்டாம் உலகப் போரில் கடற்படைப் பிரிவில் சேவை செய்தவர், தொழில் ஆசிரியர். (ஆசிரியர் என்றதும் எனக்கு ஒரு சந்தோஷம், மறைக்க மாட்டேன்.) வாக்காளராகப் பதியப் போனார். வரி கட்டாத இந்தியர்களுக்கு வாக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காணிக்குத்தான் வரி இல்லை, மற்ற வரியெல்லாம் கட்டுகிறேனே என்று வழக்குப் போட்டார். 1948 ஓகஸ்டில் ஜெயித்தார். அதற்கு முந்திய மாதம் அரிசோனா நீதிமன்றமும் வாக்குரிமையை ஒப்புக்கொண்டது. நம் பிரஜாவுரிமைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்ததும் அதே ஓகஸ்டில்தான். அவர்களுக்குக் கதவு திறந்த மாதத்தில் நமக்கு மூடினார்கள்.

சரி, கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டார்களா? இல்லை. பூர்வகுடிப் பெண் ஒருவர் அமெரிக்கக் கொங்கிரஸுக்குப் போக 2018 வரை ஆனது. அந்த வருடம் டெப் ஹாலண்ட், ஷாரிஸ் டேவிட்ஸ் என்ற இரண்டு பேர் ஒன்றாகத் தெரிவானார்கள். வாக்கு கிடைத்து 70 வருடம்! வாக்குப் போடுவது ஒரு வேலை, வாக்குக் கேட்பது வேறு வேலை. இரண்டாவதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சொல்லிக் கொடுக்கத் தொடங்கிய இடங்களில் ஒன்று மினசோட்டா மாநிலம். போல் வெல்ஸ்டன் என்ற செனட்டர் 2002இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் பயிற்சி முகாம் தொடங்கினார்கள். வேட்பாளராக நிற்பது எப்படி, பிரசாரத்தை நடத்துவது எப்படி என்று தனித்தனி வகுப்பு. அங்கே பயிற்றுநராக இருந்தவர் பெகி ஃப்ளனகன், ஒஜிப்வே இனப் பெண். 25 வயதில் மினியாபொலிஸ் நகரப் பாடசாலைச் சபைக்குத் தெரிவானவர். தன் மக்களுக்கென்று தனிப் பயிற்சிகளும் நடத்தினார். 2005இல் அவருடைய வகுப்பில் ஒரு பாடசாலை ஆசிரியர் வந்து உட்கார்ந்தார். பெயர் டிம் வால்ஸ். 2018இல் அந்த மாணவர் ஆளுநராகவும் பயிற்றுநர் துணை ஆளுநராகவும் ஒரே அணியில் நின்று ஜெயித்தார்கள்.

2005இலேயே ஒக்லஹோமாவில் சொக்டா இனத்தைச் சேர்ந்த கேலின் ஃப்ரீ என்ற பெண் சட்டத்தரணி பூர்வகுடி வேட்பாளர்களைத் தேடிப் பயிற்றுவிக்க ஓர் அமைப்பையே தொடங்கினார். இவையெல்லாம் பெரும்பாலும் ஒரே கட்சியைச் சார்ந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் கட்சியைப் பார்க்க வேண்டாம், வேலையைப் பார்ப்போம்.

டெப் ஹாலண்ட் தனியாகப் பிள்ளை வளர்த்த தாய். முதலில் தொண்டராக இருந்து வாக்காளர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். பெண் வேட்பாளர்களுக்கான பயிற்சிக்குப் போனார். 2014இல் துணை ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். பிறகு மாநிலத்தில் கட்சித் தலைவியாக இருந்தார், 2018இல் கொங்கிரஸ், 2021இல் அமைச்சர். நம்மிடம் ஒரு தடவை தோற்றவரை அடுத்த தேர்தலில் யாராவது தேடுகிறோமா? கோயில் கமிட்டியில்கூடச் சேர்ப்பதில்லை.

இப்படிப்பட்ட வகுப்புகளில் மேடைப் பேச்சு மட்டும் சொல்லிக் கொடுப்பதில்லை. முதலில் கணக்கு. நம் வட்டாரத்தையே வைத்துப் பார்ப்போம். இடாப்பில் 2,400 பேர் என்று வையுங்கள். போன முறை நூற்றுக்கு 75 பேர் போட்டார்கள் என்றால் 1,800 வாக்கு. மூன்று பேர் பலமாக நின்றால் 700, 750 எடுத்தவர் ஜெயிக்கலாம். அந்த 750 பேர் யார்? எந்த டிவிஷன், எந்த லயம்? கொழும்பில் கடையில் நிற்கும் பையன்கள் எத்தனை பேர், வாக்களிப்பு நாளில் வருவார்களா, பஸ் காசு இருக்கிறதா? இதை ஒரு கொப்பியில் எழுதி வைப்பவர்தான் பிரசாரத்தை நடத்துகிறார். போஸ்டர் ஒட்டுகிறவர் இல்லை. நம் பிள்ளைகளுக்கு இதுவரை கிடைத்தது பசை வாளி மட்டும்தான்.

இனி முகவரி விஷயம். வட டகோட்டா மாநிலத்தில் வாக்களிக்க வருபவரின் அடையாள அட்டையில் வீதி முகவரி இருக்க வேண்டும் என்று சட்டம். பூர்வகுடிகளின் ஒதுக்கிடங்களில் பல வீடுகளுக்கு வீதிப் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. கடிதம் தபால் பெட்டிக்குத்தான் வரும். 2018 ஒக்டோபரில், தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அந்தச் சட்டத்தை நிறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. வீடுகளுக்கு முகவரி கொடுத்து, இலவசமாக அட்டை அச்சடித்து இரவு பகலாகக் கொடுத்தார்கள். அதே தேர்தலில் ரூத் பஃபலோ என்ற பூர்வகுடிப் பெண், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவரையே தோற்கடித்து மாநிலச் சபைக்குப் போனார்.

ஏன் சிரிக்கிறீர்கள் என்று தெரியும். நம் லயத்துக்கு என்ன முகவரி? தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், அவ்வளவுதான். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் கடிதம் யாருக்கு? ஒரு பிள்ளைக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் தோட்டத்து ஒபிஸில் கிடந்து, நாள் போன பிறகு கைக்கு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். வாக்காளர் அட்டைக்கும் அதே வழிதான்.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீதம் என்று முதன்முறையாக வந்தது. எங்கள் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவின் பெயரைப் பட்டியலில் போட்டார்கள். படிவம் நிரப்பிக் கொடுத்தது நான்தான். அவர் சபைக்கும் போனார். வரவு செலவுத் திட்டம் வந்த நாளில் கட்டுக் கடதாசியைக் கையில் கொடுத்து, கை உயர்த்தச் சொன்னார்களாம். உயர்த்தினார். பிறகு ஒருநாள் பாடசாலைக்கு வந்து கேட்டார்: “டீச்சர், எதுக்குக் கையத் தூக்குனேன்னு எனக்கே தெரியல. ஃபோர்ம் நிரப்பத் தெரிஞ்ச உங்களுக்கு, அங்க போய் என்ன செய்யணும்னு சொல்லித் தரத் தோணலயா?”

எனக்குப் பதில் இல்லை. அந்த நேரத்தில் எனக்கே தெரியாது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. நாமும் வாக்குப் போட்டோம், ரோடு மட்டும் தோட்ட எல்லையோடு நின்றது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அந்த அக்கா சபையில் இருந்த காலத்திலேயே இது நடந்தது. லயத்து ரோட்டைக் கேட்க அவருக்கு வழி திறந்திருந்தது. நான் படித்துச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்.

அதனால்தான் இந்த வகுப்பு. அந்த அக்காவும் வந்திருக்கிறார், மூன்றாம் வரிசையில். மத்தியானத்துக்குப் பிறகு சபைக் கூட்டம் எப்படி நடக்கும் என்று அவர்தான் சொல்லப்போகிறார், நான் இல்லை.

அதற்கு முன் ஒரு வேலை. வாக்காளர் இடாப்பின் பிரதி மேசையில் இருக்கிறது. அவரவர் டிவிஷன் பக்கத்தை எடுங்கள். செத்தவர் பெயர் இருந்தால் கோடு போடுங்கள், 18 வயதாகியும் பெயர் இல்லாத பிள்ளைகளைத் தனியாக எழுதுங்கள். கல்யாணம் முடித்து வந்த பெண்களை மறக்காதீர்கள், அவர்கள் பெயர்தான் அதிகம் விடுபடுகிறது. அந்தப் பட்டியலோடு புதன்கிழமை கிராம உத்தியோகத்தரிடம் போகிறோம். யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே கொப்பியில் பெயர் எழுதுங்கள். தேத்தண்ணி தயாராக இருக்கிறது, குடித்துக்கொண்டே எழுதலாம்.