திரும்பி வராத சொல்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டுக்குப் படிக்கப் போகணும்னு நினைக்கிற மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கீங்க. 2013 ஆகஸ்டு கடைசியிலிருந்து 2014 ஜனவரி வரை, ஒரு செமஸ்டர், பரிமாற்ற மாணவனாக ஸ்வீடனில் உப்சாலா நகரத்தில் படித்தவன் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. பனியைப் பற்றியும், டிசம்பரில் பகல் மூணு மணிக்கு முன்னாடியே இருட்டிப்போவதைப் பற்றியும் சொல்ல அதிகமில்லை. கனமான கோட்டு ஒண்ணு வாங்கினா அது பழகிப்போகும். எனக்குப் பழகச் சிரமமாக இருந்தது ஒரு சொல். அதைப் பற்றித்தான் பேசப் போறேன்.

ஸ்வீடிஷ் மொழியில் 'டூ' என்றால் நீ. அங்கே மாணவன் பேராசிரியரை 'டூ' என்கிறான். பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். கடைக்காரர், டாக்டர், அமைச்சர், எல்லாருக்கும் அதே 'டூ'தான். ராஜ குடும்பம் மட்டும் விலக்கு. இதைக் கேட்டதும், "அடடா, அவங்க ரத்தத்திலேயே சமத்துவம் ஊறியிருக்கு" என்று சொல்லத் தோன்றும். ரத்தத்தில் ஒன்றும் ஊறவில்லை தோழர்களே. இதற்கு வயசு அறுபதுகூட ஆகவில்லை.

1960கள் வரைக்கும் அங்கே ஒருத்தரை நேருக்கு நேர் 'நீங்கள்' என்றுகூடச் சொல்ல முடியாது. பதவியைச் சொல்லி, படர்க்கையில்தான் பேசணும். "பேராசிரியருக்குக் காப்பி வேண்டுமா?" என்று அந்தப் பேராசிரியரிடமே கேட்கணும். 'நி' என்று ஒரு பன்மைச் சொல் இருந்தது, நம்ம 'நீங்கள்' மாதிரி. ஆனால் சொல்லிக்கொள்ளப் பட்டமோ பதவியோ இல்லாத வேலைக்காரர்களைப் பார்த்து மேலே உள்ளவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். கீழே இருப்பவர் அதையே திருப்பிச் சொல்ல முடியாது. அதனால் மரியாதைக்கென்று இருந்த சொல்லே இழிவாகிப் போச்சு. இழிவு சொல்லில் இல்லை. அது போகிற திசையில் இருக்கு. திரும்பி வராத சொல் எதுவானாலும் அது வசவுதான்.

1967இல் மருத்துவ நிர்வாகத் துறைக்குத் தலைவராக வந்த புரூர் ரெக்ஸெட், ஊழியர்கள் முன்னால் நின்று, "நான் எல்லாரையும் டூ என்றுதான் அழைப்பேன், நீங்களும் என்னை அப்படியே அழையுங்கள்" என்கிற பொருளில் அறிவித்தார். அவர்தான் தொடங்கினார் என்று சொல்ல முடியாது. மாற்றம் ஏற்கனவே பரவிக்கொண்டிருந்தது. சில வருஷங்களில் நாடு முழுக்க அதுவே வழக்கமாச்சு.

நம்ம கதைக்கு வருவோம். பேராசிரியர் முதல் வகுப்பிலேயே, "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு" என்றார். கூட இருந்த மாணவர்களுக்கு அது விடுதலை. எனக்கு நாக்கு வரலை. ஏன்? எங்க ஊரில் பேர் சொல்லிக் கூப்பிடுவது சமத்துவத்தின் அடையாளம் இல்லை. அறுபது வயசு எங்க அப்பாவை, ஊர்த்தெருவில் பத்து வயசுப் பையன் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். 'நீ, வா, போ' என்பது எங்க சேரிக்கு ரொம்ப காலமாக இறங்கி வந்துகொண்டிருக்கிற சொல். அது திரும்பி ஏறிப் போனதில்லை. ஏறிப் போனால் அடி விழும். அவர்கள் எல்லாரும் 'நீ'க்கு இறங்கி வந்து சமமானார்கள். ஏற்கனவே அங்கேயே நிறுத்தி வைக்கப்பட்டவன் எங்கே இறங்குவது? நமக்குச் சமத்துவம் என்றால் முதலில் 'நீங்க' என்கிற சொல் சேரிக்குள் வரணும். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். முதியோர் உதவித்தொகை வாங்க வரும் சேரிக் கிழவிக்கு 'ஏய், தள்ளி நில்லு', பின்னாலேயே வரும் மிராசுக்கு 'வாங்க, உக்காருங்க' என்பதை தினம் காதால் கேட்கிறேன். ஸ்வீடனின் மருந்தை அப்படியே வாங்கி வந்தால் இந்த நோய்க்குப் போதாது.

இன்னொன்று. நான் இருந்த விடுதியில் பன்னிரண்டு அறைக்கு ஒரே சமையலறை. வாரத்துக்கு ஒரு அறைக்காரர் கூட்டித் துடைக்கணும், குப்பையைக் கொண்டுபோய்ப் போடணும். முறைப் பட்டியல் குளிர்பெட்டி மேல ஒட்டியிருக்கும். அதில் அறை எண் மட்டும்தான். துணி துவைக்கும் அறையும் பொதுதான். நேரம் பதிந்து, துவைத்து, அடுத்தவருக்காகச் சுத்தம் செய்துவிட்டு வரணும். செய்யாவிட்டால் கோபமாகச் சீட்டு எழுதி ஒட்டிவிடுவார்கள். யார் அழுக்கை யார் சுத்தம் செய்வது என்கிற கேள்விக்குப் பிறப்பை வைத்துப் பதில் சொல்லாத ஒரு இடத்தை அங்கேதான் பார்த்தேன்.

ஆனா கேளுங்க. நம்ம நாட்டு மாணவர் ஒருத்தர் அங்கே இருந்தார். வந்த வாரமே என் ஊர், தெரு, அப்பா தொழில் எல்லாம் விசாரித்தாச்சு. தன் முறை வந்ததும், "காசு தர்றேன், நீ செஞ்சிடேன்" என்றார். பன்னிரண்டு பேரில் என்னைத்தான் கேட்கத் தோன்றியது. "அந்தத் தாள்ல இருக்கிறது உங்க அறை எண். நீங்கதான் செய்யணும்" என்றேன். பக்கத்தில் இருந்த ஸ்வீடன் மாணவிக்கு இதில் என்ன தப்பு என்றே புரியவில்லை. நட்பாகக் கேட்கிறார் என்று நினைத்தாள். அவர்கள் நாட்டுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம், 2009இல் நடைமுறைக்கு வந்தது, பால், இனம், மதம், ஊனம், வயது என்று ஏழு காரணங்களை அடுக்குகிறது. சாதி என்கிற சொல் அதில் இல்லை. சாதி விமானம் ஏறிப் போகுது. அதைப் பிடிக்கிற கண் அங்கே இல்லை.

அவர்களையும் புனிதர்களாக்க வேண்டாம். நான் படித்த அதே உப்சாலாவில்தான் 1922இல் அரசாங்க இன உயிரியல் நிறுவனம் திறந்தார்கள். வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி இனப் பழங்குடிகளின் மண்டையை அளந்தார்கள், நிர்வாணமாகப் படம் எடுத்தார்கள். 1934இல் கருத்தடைச் சட்டம். 1975 வரை சுமார் 63,000 பேருக்கு அறுவை நடந்தது. அதில் எத்தனையோ பேருக்கு அது கட்டாயம். பெரும்பாலோர் பெண்கள்.

அங்கேயும் பண்ணையாட்கள் இருந்தார்கள். 'ஸ்டாத்தாரே' என்று பேர். வருஷ ஒப்பந்தம். கூலியில் பெரும்பகுதி தானியம், பால், உருளைக்கிழங்கு, விறகு. புருஷன் ஒப்பந்தம் போட்டால் பெண்டாட்டி பண்ணை மாட்டுக்குப் பால் கறக்கணும். அந்த வேலைக்கு 'வெள்ளைச் சாட்டை' என்று பேர். அக்டோபர் கடைசியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவார்கள். அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்த ஈவார் லூ-யூஹான்சோன் அந்த வாழ்க்கையைக் கதை கதையாக எழுதினார். சங்கம் கட்டினார்கள், போராடினார்கள். 1945இல் அந்த முறை ஒழிந்தது. 23 வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 அன்று, இங்கே கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டதற்கு 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அங்கே பண்ணையாள் மகன் நகரத்துக்குப் போனால் தொழிலாளி ஆனான். இங்கே நகரத்துக்குப் போனாலும் தெருப் பேர் கூடவே வருது. இதுதான் வித்தியாசம்.

அதனால் ஒரு நாட்டு வழக்கத்தைப் பழகுவது என்றால், செருப்பை வாசலில் கழற்றுவது, காப்பி நேரத்துக்குப் போய் உட்காருவது மட்டுமில்லை. இந்த வழக்கம் எந்த வருஷம் வந்தது, யார் கொண்டுவந்தது, யார் எதிர்த்தது என்று கேட்கணும். தேதி போட்டு வந்த வழக்கம் எந்த நாட்டுக்கும் தேதி போட்டு வரும்.

போக நினைக்கிற தோழர்களுக்கு: ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஸ்வீடனில் 2011 முதல் கட்டணம் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கிடையில் ஒப்பந்தம் இருந்து பரிமாற்றத்தில் போனால் அந்தக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் வேணும். அதற்கு நம்ம பிள்ளைகளுக்கு யார் தருவது என்பதைக் கோரிக்கையாக வைக்கணும். பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க மத்திய அரசு உதவித்தொகை இருக்கு. 2022 வழிகாட்டு நெறிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அது கிடையாது என்று எழுதிவிட்டார்கள். 1913இல் பரோடா உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போன அம்பேத்கர், 1916 மே மாதம் அங்கே வாசித்த கட்டுரை எதைப் பற்றியது? இந்தியாவின் சாதிகளைப் பற்றி. இன்றைக்கு இந்த விதியை வைத்துப் பார்த்தால் அந்தத் தலைப்புக்குப் பணம் இல்லை.

ஏன் என்று யோசியுங்க. நாம வெளியே போவதை அவங்க பெரிசாக நினைக்கலை. நம்ம தெருவைப் பற்றிய கேள்வியோட போவதுதான் உறுத்துது. போங்க தோழர்களே. அந்தக் கேள்வியை இங்கே விட்டுட்டுப் போகாதீங்க.