அரங்கனுக்கு இல்லாத தடை நமக்கு ஏன்?



"சாதி ரத்தத்திலேயே ஊறியது, அதை மாற்ற முடியாது" என்று இன்னும் பேசுகிறார்கள். அந்த ரத்தத்தை ஆய்வுக்கூடத்திலேயே வைத்துப் பார்த்தாகிவிட்டது ஐயா! ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு அறிஞர்களும் 2013இல் சொன்னது என்ன? ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டு மக்கள் தாராளமாகக் கலந்தார்கள். உயர்ந்தவன் என்பவன், தாழ்ந்தவன் எனப்பட்டவன், மலைவாழ் பழங்குடி, ஏறக்குறைய எல்லார் உடம்பிலும் அந்தக் கலப்பு இருக்கிறது. அதற்குப் பிறகுதான் சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் அகமணம் என்று கதவைச் சாத்தினார்கள். தூய ரத்தம் என்று மார்தட்டுகிறவரே, எந்த ரத்தம் தூயது?

மனிதன் வகுத்த வழக்கம் அவன் உடம்பையே மாற்றும். மாடு வளர்த்துப் பால் குடித்த கூட்டங்களில், வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் மரபணு பரவியது. ஐரோப்பாவிலும் வட இந்தியாவிலும் அது அதிகம்; தெற்கே குறைவு. அந்த வழக்கம் நன்மை செய்தது. சாதி செய்தது என்ன?

ஒரு சிறு கூட்டம் நூறு தலைமுறையாகத் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், என்றோ ஒரு மூதாதைக்கு இருந்த குறை ஊரெல்லாம் பெருகும். 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தார்கள். 81 குழுக்களில், சில மூதாதையரின் மரபணுவே இப்படிப் பெருகிய நிலை, உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடக் கடுமை. அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சம் பேரைத் தாண்டியவை!

ஆரிய வைசியர் சமூகத்தைப் பாருங்கள். அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தத் தரும் ஒரு மருந்தின் வேகம் சில நிமிடங்களில் அடங்க வேண்டும். அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியின் குறைபாடு அவர்களிடம் அதிகம். அந்தக் குறை உள்ளவருக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசைகள் அசையாது. இது அவர்கள் செய்த பாவமா? இல்லை. சாத்திய கதவு தந்த தண்டனை.

நாமும் யோக்கியர்கள் இல்லை. சொத்து வெளியே போகக்கூடாது என்று அக்காள் மகளையே கட்டிவைக்கிறோம். பிறக்கும் பிள்ளைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வர எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. நிலத்தைக் காப்பாற்றப் பிள்ளையைப் பணயம் வைப்பதா?

பக்தர்களையே கேட்கிறேன். உங்கள் திருவரங்கத்து அரங்கன் பங்குனியில் காவிரியைக் கடந்து உறையூர் போய்ச் சோழன் மகள் கமலவல்லியோடு சேர்த்தி காண்கிறார். டில்லி சுல்தான் மகளென்று கோயில் மரபு சொல்லும் துலுக்க நாச்சியாருக்கு உள்ளேயே சந்நிதி. அவருக்காக ரொட்டி நைவேத்தியம்! ஆண்டவன் சாதி பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை. அவரைத் தோளில் சுமக்கிற நீங்கள் மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்?

மனிதன் சாத்திய கதவை மனிதனே திறக்கலாம். 1967இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கொடுத்துவிட்டது. பெற்றோர்களே, பிள்ளைகள் சாதி கடந்து விரும்பினால் குறுக்கே நிற்காதீர்கள். முன்னின்று மணமுடித்து வையுங்கள்.