புதிய கத்தி யாருக்கு?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்ய இயந்திர மனிதன் வந்துவிட்டதாமே, அது பணக்காரனுக்குத்தானா, ஏழைக்குப் பழைய கத்திதானா என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கு நாம் பதில் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த இயந்திரம் தானாக யோசித்து அறுப்பதல்ல. நோயாளியின் உடம்பில் சிறு துளைகள் போட்டு, அவற்றின் வழியே காமிராவையும் மெல்லிய கருவிகளையும் செலுத்துகிறார்கள். டாக்டர் தள்ளி உட்கார்ந்து, பெரிதாகத் தெரியும் படத்தைப் பார்த்துக் கைப்பிடிகளை அசைக்கிறார். அந்த அசைவையே இயந்திரக் கைகள் உள்ளே செய்கின்றன. தறியை ஓட்டுவது நெசவாளி. இதை ஓட்டுவது டாக்டர். அவ்வளவுதான். 'டாவின்சி' என்ற இவ்வகை இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 2000-ல் அனுமதி கிடைத்தது. காயம் சிறிது, ரத்தச் சேதம் குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். இயந்திரத்தின் மீது நமக்கு விரோதமில்லை.

ஆனால், புதியது என்பதாலேயே மேலானதாகிவிடுமா? கர்ப்பப்பை வாய்ப் புற்று ஏழைப் பெண்களை வாட்டும் நோய். அது ஆரம்ப நிலையில் இருந்த 631 பெண்களைப் பல நாடுகளில், சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன். மற்றதற்குத் துளை போட்டு ஆபரேஷன். அவர்களில் சிலருக்கு இயந்திரக் கைகளால். முடிவு 2018-ல் வெளிவந்தது. நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் பழைய முறையில் 100-க்கு 96.5, புதிய முறையில் 86. இறந்தவர்கள் பழைய முறையில் 3 பேர். புதிய முறையில் 19 பேர்!

இதனால் எல்லாப் புற்றுக்கும் துளை ஆபரேஷன் கெடுதல் என்று அர்த்தமல்ல. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே பாடம்.

பழையதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மார்பகப் புற்றுக்கு மார்பையும், அதன் அடியிலுள்ள தசையையும், அக்குள் நெறிகளையும் சேர்த்து அறுத்தெடுக்கும் முறையை அமெரிக்க டாக்டர் ஹால்ஸ்டெட் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பினார். பல தலைமுறைப் பெண்கள் அந்த வேதனையைச் சுமந்தார்கள். டாக்டர் பெர்னார்ட் ஃபிஷர் அமெரிக்காவிலும், டாக்டர் வெரோனேசி இத்தாலியிலும் கேள்வி எழுப்பினார்கள். ஆரம்பக் கட்டத்தில் கட்டி உள்ள பகுதியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். 20 ஆண்டு கவனித்து 2002-ல் முடிவு சொன்னார்கள்: மார்பை முழுதும் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள். குறைவாக அறுப்பதும் ஒரு புதிய தொழில் நுட்பமே!

இப்போது நம் நாட்டுச் சேதி. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, டாட்டா பெயர் கொண்டிருந்தாலும், மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் நடப்பது. அங்கே டாக்டர் ராஜேந்திர பட்வேயும் தோழர்களும், நாட்டின் 11 மருத்துவமனைகளில் சுமார் 1,600 பெண்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். பல் பிடுங்குமுன் மரத்துப்போகப் போடுகிறார்களே, லிக்னோகெயின், அந்த மருந்துதான். மார்பு ஆபரேஷனுக்குச் சில நிமிஷம் முன்பு அதைக் கட்டியைச் சுற்றி ஊசியாகப் போட்டார்கள். கத்தி படும் வேளையில் புற்றணுக்கள் கிளம்பிப் பரவுவதை மருந்து தடுக்கும் என்பது அவர்கள் கருத்து. 2023-ல் முடிவு வெளிவந்தது. ஆறாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 100-க்கு 90.1, போடாதவர்களில் 86.4. அதாவது 100 பெண்களில் ஏறத்தாழ நால்வர் கூடுதலாகப் பிழைத்தார்கள்.

இயந்திரத்தின் விலை கோடிக்கணக்கில். இந்த மருந்தின் விலை மிகச் சொற்பம். இதை விற்றுக் கொள்ளை லாபம் அடிக்க வழியில்லை. ஆகவே இதற்கு முழுப்பக்க விளம்பரத்தை எதிர்பார்க்க முடியாது. மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் அவசியம் இதிலிருந்தே விளங்கும்.

எந்தக் கத்தியும் முற்றிய நோயிடம் திணறும். மார்பில் வலியில்லாத கட்டி, தீட்டு நின்ற பின் ரத்தப்போக்கு, வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண் இவற்றைக் கண்டால், "அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். நாம் ஏன் தள்ளிப் போடுகிறோம் என்பது நமக்குத் தெரியும். ஒருநாள் ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் கூலி போச்சு. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. உரிய நிபந்தனைகள் பூர்த்தியானால், புற்றுநோய்க்கு நீண்டகால நோய்ப் படி கேட்டுப் பெறலாம், கேளுங்கள். வயலில் குனிந்து நாற்று நடும் தாய்க்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே நமது கோரிக்கை இது: பரிசோதனை கிராமத்துக்கு வரட்டும், தேர்ந்த அறுவை டாக்டரும் கதிர்வீச்சும் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், சிகிச்சை நாட்களில் விவசாயத் தொழிலாளிக்கும் படி கிடைக்கட்டும். நிரூபிக்கப்பட்ட இயந்திரம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு வந்தால் வரவேற்போம். வருமுன் நூறு ரூபாய் ஊசியோ, கோடி ரூபாய் இயந்திரமோ, எதுவானாலும் ஒன்றே கேட்போம்: இதனால் எத்தனை உயிர் கூடுதலாகப் பிழைத்தது?