பால்கனியில் ஓடு பதிக்குமுன்

பிழைப்பு நாடித் தில்லிக்கு வந்த நம்மவரில் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். ஊரில் திண்ணையும் முற்றமும் தந்த சௌகரியத்தை இங்கே ஒரு சிறு பால்கனியிடம் எதிர்பார்க்கிறோம். துளசித் தொட்டிக்கும், வடாம் காயும் தட்டுக்கும் அதுவே இடம். அதன் சிமெண்டுத் தரை வெடித்துவிட்டால் ஓடு பதித்துவிட விரும்புகிறோம். ஓட்டின் நிறத்துக்காக நான்கு கடை ஏறி இறங்கும் நாம், அடியிலுள்ள தளத்தைப் பற்றிச் சிந்திப்பது குறைவு.

பால்கனி பெரும்பாலும் சுவரிலிருந்து வெளியே நீட்டப்பட்ட கான்கிரீட்டுத் தளமாகும். வெளிமுனையில் தூண் இல்லாதபோது, பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பிகள் தளத்தின் மேற்பகுதியில் இருக்கும். மேலிருந்து கசியும் நீர் அவற்றையே முதலில் எட்டுகிறது. துருப்பிடித்த கம்பி பருக்கும்; கான்கிரீட்டு பிளக்கும்; தளம் வலுவிழக்கும். ஓடு மட்டுமே நீரைத் தடுத்துவிடாது. ஓடுகளின் இடைச் சந்துகளில் நீர் இறங்கவே செய்யும்.

ஆகவே முதலில் தரையைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளலாக ஒலிக்கும் பூச்சை மட்டும் பெயர்த்தெடுக்கலாம். உளியை ஆழ இறக்கலாகாது. கம்பி தென்பட்டால் வேலையை நிறுத்திக் கட்டடப் பொறியாளரைக் காட்டுவதே உசிதம். பழைய ஓட்டின் மீதே புதிய ஓடு பதிப்பதும் நன்றன்று. தளத்தின் சுமை அதனால் கூடும்.

பின்னர் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் பாசியும் போகக் கழுவி, வெடிப்புகளை அடைக்க வேண்டும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டரேனும் சாய்வு வடிகுழாயை நோக்கி அமைய வேண்டும். இங்குள்ள மிஸ்திரியிடம் 'டால்' என்று சொன்னால் சாய்வு என விளங்கிக்கொள்வார். அதன் மீது நீர்க்காப்புப் பூச்சிட்டு, அதைச் சுவரிலும் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். ஓடு பதித்து முடிந்த தரை, அறையின் தரையைவிடத் தாழ்ந்தே நிற்க வேண்டும். இல்லையேல் மழைநீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரும்.

பூச்சு நன்கு காய்ந்தபின் வடிகுழாயை அடைத்து, இரண்டு விரற்கடை நீரை 24 மணி நேரம் தேக்கிப் பார்ப்போமாக. கீழ்த்தளத்தில் ஓதம் காணாவிட்டால் நீரை வடித்து, தரை உலர்ந்தபின் ஓடு பதிக்கலாம். ஓடுகளுக்கு நடுவேயும் சுவரோரத்திலும் இடைவெளி விடுவது அவசியம். தில்லியின் கோடை வெயிலில் ஓடு விரியும். தை மாதக் குளிரில் சுருங்கும்.

இவ்வேலைக்கு மழைக்காலம் ஓய்ந்த ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் உகந்தவை. வைகாசி வெயிலில் சிமெண்டுக் கலவை இறுகுமுன் உலர்ந்துவிடும்.

இவற்றுக்காகச் சில நாட்கள் கூடுதலாகும். செலவும் சற்று ஏறும். ஆயினும் நம் பால்கனியின் தரை, கீழ் வீட்டாருக்குக் கூரை. அவர் பஞ்சாபியராக இருக்கலாம், வங்காளியாக இருக்கலாம். அவர் தலைமேல் சொட்டும் நீரால் மனத்தாங்கல் நேராமல் காப்பது, அயலூரில் வாழவந்த நமக்குக் கடமையுமாகும், நன்மையுமாகும்.