பழைய மோட்டார் சைக்கிளும் ஒரு பள்ளிக்கூடம்தான்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஜாசினிலிருந்து அலோர் காஜா வரைக்கும் நம் மலாக்காத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு எது? பால்மரத்துக்கும் செம்பனைக்கும் போவது அதில்தான். பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். புது வண்டி வந்ததும் பழையது கோழிக்கூட்டுப் பக்கம் போய்விடும். "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுரலாம்" என்பார்கள். போடாதீர்கள் ஐயா! இடைநிலைப் பள்ளியில் படிக்கும் உங்கள் மகனிடம் கொடுங்கள். நீங்களும் கூட உட்காருங்கள்.

நாம் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கும் வண்டியின் மூதாதை, 1958-இல் ஜப்பானில் பிறந்த ஹோண்டா சூப்பர் கப். கிளட்ச் பிடி இல்லாமல், யாரும் எளிதில் ஓட்டும்படி அமைத்தார்கள். 2017-இல் அவ்வகை வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. அதை உருவாக்கிய சொய்சிரோ ஹோண்டா, தோக்கியோவில் பட்டறைப் பையனாக வேலை பழகியவர். ஹோண்டாவை நம் நாட்டுக்குக் கொண்டுவந்த பினாங்கு லோ பூன் சியூ, சிறுவயதில் பஸ் கழுவிப் பிழைத்தவர். கையில் கிரீஸ் படிந்தால் கௌரவம் குறையும் என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் கிராண்ட். அதிலுள்ள இஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாத வண்டியைத் தொடவே வேண்டாம். அடுத்து, பெட்ரோலை வடித்துவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் கூடாது. பிறகு ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மைலோ டின்களில் தனித்தனியாகப் போட்டுப் பெயர் ஒட்டுங்கள். எது எதற்குப் பின்னால் இருந்தது என்று நோட்டில் படம் வரையச் சொல்லுங்கள். கழற்றுவது ஒரு நாள் வேலை. பூட்டும்போதுதான் அந்த நோட்டின் அருமை தெரியும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பையன்கள் முதலில் பெயிண்ட் வாங்கத்தான் ஓடுவார்கள். விடாதீர்கள். வண்டி முதலில் நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும், கடைசியில்தான் மின்ன வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

நிற்பது என்றால் பிரேக். பழைய பிரேக் ஷூவின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். தேய்ந்த ஷூ, நைந்த கேபிள், வெடித்த டயர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். விளக்குகள் எரிகின்றனவா என்றும் பாருங்கள்.

அடுத்தது ஓட்டம். 72 சி.சி. ஹோண்டா சி70-ஐ எடுத்துக்கொள்வோம். கார்புரேட்டரைக் கழுவ வேண்டும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர்; அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன்! "தசமக் கணக்கு எதுக்கு சார்?" என்று கேட்கும் பையனுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கடைசியாக அழகு. சீட்டைத் தைத்துக்கொள்ளட்டும், சாமான் வைக்க கேரியர் போடட்டும். நிறத்தை மாற்றினால் ஜே.பி.ஜே.யில் பதிய வேண்டும். சைலன்சரை வெட்டுவது மட்டும் ஆகாது. அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். விடியுமுன் வேலைக்கு எழ வேண்டிய பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கம் என்னாவது? இஞ்சினைக் குடைந்து வேகம் கூட்டுவதும் வேண்டாம். வேகம் கூடும், பிரேக் அதே பழைய பிரேக்தானே! நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தலைக்கவசம் 1973-லேயே சட்டமாயிற்று. லைசென்ஸ் எடுக்க 16 வயது நிரம்ப வேண்டும். அதுவரை வண்டி வாசலைத் தாண்டக்கூடாது.

என்னிடம் படித்த ஒரு பையன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். அப்பா இறந்தபின் அவர் ஓட்டிய கப்சாயை ஆறு மாதம் உட்கார்ந்து சரிசெய்தான். ஒரு நாள் கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அரைமணி நேரம் விளக்கினான். நான் மாணவனாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்குப் படிப்பு வரவில்லை என்று இனி யார் சொல்ல முடியும்?

பெற்றோர்களே, மதிப்பெண் குறைந்த பிள்ளையை மூலையில் உட்கார வைக்காதீர்கள். முறையாகப் பயின்றால் மலேசியத் திறன் சான்றிதழே கிடைக்கும். அதற்கான அரசாங்கப் பயிற்சிக் கழகங்கள் நம் மாநிலத்திலேயே உள்ளன. பொறுமை, ஒழுங்கு, பிறர் உயிரில் அக்கறை ஆகிய மூன்றையும் ஒரு துருப்பிடித்த வண்டி கற்றுத் தருமானால், அதைப் பழைய இரும்பு என்று எடைபோட நமக்கு மனம் வருமா?

வாழ்க தமிழ்ப்பள்ளி!